கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள காரில் காற்று–எரிபொருள் விகிதத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைலன்சர் வாயில் வரும் கார்பன் மோனாக்சைடின் அளவை மட்டும் பார்த்து எஞ்சினின் கலவை சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வதுதான் இன்றும் அதிகமாக நடக்கும் தவறு. கார்புரேட்டர் காலத்தில் அது பொருத்தமான முறையாகவே இருந்தது. புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் கூடக்கூட கார்பன் மோனாக்சைடும் கூடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று என்ற நிலையில் அது சுமார் 4 சதவீதத்தைத் தொடும் என்பதால், மீட்டரைப் பார்த்தபடியே திருகைத் திருப்பிக் கலவையைச் சரிசெய்ய முடிந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கன்வெர்ட்டர் கட்டாயமான பிறகு அந்த வழி அடைபட்டது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும்வரை, சூடேறிய கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடை எரித்துவிடும். எஞ்சினில் உள்ள காற்று–எரிபொருள் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்தால் வருவது லாம்டா; 1 என்றால் கலவை சரி, 1-ஐத் தாண்டினால் எரிபொருள் குறைவு, 1-க்குக் கீழே போனால் எரிபொருள் மிகுதி. ஆகவே லாம்டா 1 ஆக இருந்தாலும் 1.05 ஆக இருந்தாலும் மீட்டர் ஏறத்தாழ பூஜ்யத்தையே காட்டும்.

இதைக் கேட்டு, கன்வெர்ட்டருக்குப் பின்னால் எதை அளந்தாலும் பயனில்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். கன்வெர்ட்டர் எந்த அணுவையும் உண்டாக்குவதில்லை, அழிப்பதும் இல்லை; வாயுக்களுக்கிடையே இடம் மாற்றித்தான் வைக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன் 0.6 சதவீதம் கார்பன் மோனாக்சைடும் 0.3 சதவீதம் ஆக்சிஜனும் இருந்தால், உள்ளே இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக வெளிவரும். இரண்டு இடத்திலும் மொத்தக் கார்பனும் மொத்த ஆக்சிஜனும் ஒன்றே. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரோகார்பன், ஆக்சிஜன் ஆகிய நான்கு வாயுக்களையும் அளந்து பிரெட்ஷ்னைடர் சமன்பாட்டின்படி லாம்டாவைக் கணக்கிடும் கருவி இந்த அணுக்கணக்கை நம்பியே இயங்குகிறது. பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி தயாரான பெட்ரோல் கார்களுக்கு நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில், 200 கூடுதல் குறைவுடன், லாம்டா 0.97 முதல் 1.03 வரை இருக்க வேண்டும் என்ற பொது வரம்பைச் சைலன்சர் வாயிலேயே சோதிக்க முடிவதும் இதனால்தான்.

ஆனால் அந்தக் கணக்கு, வெளிக்காற்று கலக்காத புகைக்கு மட்டுமே செல்லும். புகைக்குழாயின் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், சோதனைக் குழலைப் போதிய ஆழத்துக்குச் செருகாவிட்டாலும், வெளிக்காற்று உள்ளே கலந்துவிடும். 1 சதவீத ஆக்சிஜன் கூடுதலாகத் தெரிந்தாலே லாம்டா ஏறக்குறைய 0.05 உயர்ந்துவிடுவதால், சரியான எஞ்சின்கூட எரிபொருள் போதாததாகத் தோன்றும். சூடேறிய, நன்றாக எரியும் எஞ்சினில் கார்பன் டைஆக்சைடு சுமார் 15 சதவீதம் இருக்க வேண்டும். அது குறைந்து ஆக்சிஜன் உயர்ந்திருந்தால், கலவையில் கைவைப்பதற்கு முன் கசிவைத் தேட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான விளைவைத் தருவது, நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் அளப்பது. மூவழிக் கன்வெர்ட்டரின் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுடன் சீரியம் ஆக்சைடும் இருக்கிறது. ஆக்சிஜன் மிகும்போது அதைச் சேமித்துவைத்து, பற்றாக்குறை வரும்போது திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. மோட்டாரை நிறுத்திய பிறகும் மேல்நிலைத் தொட்டி காலியாகும்வரை குழாயில் தண்ணீர் வருவதைப் போல, உள்ளே வரும் கலவை மாறிய பிறகும் வெளியே லாம்டா 1 சிறிது நேரம் நீடிக்கும். முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் 0.85 லாம்டாவில் ஓடும் முதல் நொடிகளில், கன்வெர்ட்டருக்குப் பின்னால் பொருத்திய வைட்பேண்ட் சென்சார் (லாம்டாவின் அளவையே எண்ணாகத் தரும் ஆக்சிஜன் சென்சார்) 1 என்று காட்டக்கூடும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் பெட்ரோல் வீணாவதோடு கன்வெர்ட்டரும் பாழாகும். தலைகீழாக நடப்பது இன்னும் ஆபத்தானது: உயர் சுமையில் எரிபொருள் உண்மையிலேயே போதாமல் இருக்கும்போது அது தாமதமாகத் தெரிந்தால், அதற்குள் பிஸ்டன் சேதமடையலாம். கணத்துக்குக் கணம் மாறும் கலவை வேண்டுமென்றால் சென்சார் கன்வெர்ட்டருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். டர்போ உள்ள காரில் டர்போவுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையில் வைப்பது நல்லது. நிலையான வேகத்தில் சராசரி லாம்டாவை அறிவதற்குக் கன்வெர்ட்டரின் பின்பக்கமும் பொருத்தமான இடம்தான். எரியாத ஹைட்ரஜன் சென்சாரைத் திசைதிருப்பும் கோளாறு அங்கே குறைவு என்பதால், சில நேரங்களில் அதுவே நம்பகமானது.

காரிலேயே கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பட்டியல் வைத்துக் காற்று–எரிபொருள் விகிதமாக மாற்றுவதையும் காண்கிறேன். அந்தச் சென்சார் 0.1 வோல்டுக்கும் 0.9 வோல்டுக்கும் இடையே தாவுவது. லாம்டா 1-இன் எந்தப் பக்கம் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அது அசையாமல் நிற்பது, முதலில் கன்வெர்ட்டரின் நலத்துக்கான அறிகுறி.

வைட்பேண்ட் மீட்டரில் தெரியும் 14.7 என்ற எண்ணும் இந்தியச் சாலைகளில் இப்போது பலரைக் குழப்புகிறது. சென்சார் அறிவது லாம்டாவை மட்டுமே. மீட்டர் அதை, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியான விகிதமான 14.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் சுமார் 13.5 என்றாலும், மீட்டரில் 14.7 தெரிந்தால் கலவை சரியாகவே இருக்கிறது. 13.5 தெரியும்வரை எரிபொருளைக் கூட்டுவது, 0.92 லாம்டாவில் காரை ஓட்டுவதாகும். லாம்டாவாகவே படிக்கும்படி மீட்டரை மாற்றிவைத்தால் இந்தக் குழப்பம் எழாது.

மிஸ்ஃபயர் உள்ள, அதாவது சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாத, எஞ்சினில் சென்சார் காட்டும் அளவு செல்லாது. எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளிவருவதால் சென்சார் எரிபொருள் குறைவு என்று காட்டும். அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதன் உள்ளீட்டையே உருக்கிவிடும். முதலில் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பார்க்க வேண்டும். சென்சாரைப் படுக்கைவாட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தாவிட்டால், புகையில் படியும் நீர் அதன் பீங்கானை வெடிக்கச் செய்யும். சிலிகோன் பசையின் ஆவி அதை நஞ்சாக்கும். எஞ்சின் ஓடும்போது ஹீட்டருக்கு மின்சாரம் இல்லாமல் குழாயிலேயே விட்டுவைத்தால் கரி படிந்து கெடும்.

அளப்பதற்காகக் கன்வெர்ட்டரைக் கழற்றத் தேவையே இல்லை. குழாயில் துளையிடுவதற்கு முன், காரின் ஓ.பி.டி. சோதனை இணைப்பில் செருகும் ஸ்கேன் கருவியில், எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யூ. தானாகச் செய்யும் குறுகிய கால, நீண்ட கால எரிபொருள் திருத்தங்களைக் கூட்டிப் பாருங்கள். சூடேறிய எஞ்சினில், ஐடிலிலும் 2500 சுற்றிலும் அந்தக் கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் நின்றால், சாதாரண ஓட்டத்தில் இ.சி.யூ. கலவையைத் தன் பிடிக்குள் வைத்திருக்கிறது. வைட்பேண்டை முழு ஆக்சிலரேட்டர் நிலைக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.