பழைய வீட்டை வாடகைக்கு விடுமுன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறீர்களா? வருட வருமானத்தைக் கணக்குப் போட மாத வாடகையை 12-ஆல் பெருக்காதீர்கள், 10-ஆல் பெருக்குங்கள். மீதி இரண்டு மாத வாடகை, வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களுக்கும் வீட்டு வரிக்கும் கூரை ஓடு மாற்றும் வேலைக்கும் போய்விடும்.

ஒரு வருடம் ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றாமல் விட்டோம். உத்தரத்தில் தண்ணீர் இறங்கி, பர்மா தேக்கு கறுத்துவிட்டது. பராமரிக்காததால் வந்த சேதம் என்று சொல்லி, காப்பீட்டில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அதனால் புரட்டாசியிலேயே ஆளை ஏற்றி ஓடு பார்த்து, தேதியோடு போட்டோ எடுத்து, கூலி ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

காப்பீட்டுத் தொகையில் மனை விலை சேராது, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. காப்பீட்டு விண்ணப்பத்தில் வாடகைக்கு விடுவதை மறைக்காமல் எழுதுங்கள். குடியிருப்பவர் தன் சாமான்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்துக்கொள்ளட்டும்.

வருமான வரியில் வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, அதற்கு ரசீது வேண்டாம்.

அப்புறம், பங்காளிகள் உள்ள வீடு என்றால் எல்லோரும் கையெழுத்துப் போடும் வரை அட்வான்ஸ் வாங்கவே வாங்காதீர்கள்.