வீட்டிலிருந்தே நுழைவுத் தேர்வா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"வீட்டில்தானே எழுதப் போகிறான், பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. தேர்வு மையத்தில் கரண்ட், நெட், அமைதி எல்லாம் நடத்துபவர் பொறுப்பு. வீட்டுத் தேர்வில் அத்தனையும் பிள்ளையின் தலையில் விழுகிறது. வேலூர் விஐடி 2021-இல் கரோனா காரணமாக வீட்டிலிருந்தே எழுதவைத்தது. பிறகு மையத்துக்கே திரும்பிவிட்டது. வேறு சில பல்கலைக்கழகங்கள் அந்த முறையை விடவில்லை.

குடியாத்தத்தில் நெசவுத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் காதிலேயே விழாது, அவ்வளவு பழக்கம். ஆனால் கண்காணிப்பாளர் கணினியின் கேமரா, மைக் வழியாகத்தான் கவனிக்கிறார்; மைக் அந்தச் சத்தத்தை விடாது. குறுக்கே வரும் பாட்டியும், கணக்கை வாய்விட்டு முணுமுணுப்பதும்கூடச் சந்தேகத்துக்கு இடம் தரும். ஒரே அறை வீடு என்றால் முந்தின நாளே சித்தி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய்விடுங்கள்.

மாதிரித் தேர்வை இரவு பத்து மணிக்கு எழுதிவிட்டு "நெட் நன்றாக இருக்கிறது" என்று நம்பாதீர்கள். தேர்வு நடக்கும் அதே நேரத்தில், அதே மேசையில் எழுதிப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருக்கும், ஆனால் வைஃபை ரவுட்டர் அந்த லைனில் இருக்காது. மெயினை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பாருங்கள். அப்புறம் இனிஷியல்: ஆதாரில் முன்னால், விண்ணப்பத்தில் பின்னால் என்றிருந்தால் முன்கூட்டியே சரிசெய்யுங்கள்.

இணைப்பு அறுந்தால் ஆதாரத்துக்கு என்று போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அதுவே முறைகேடாகப் பதிவாகலாம். நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, திரும்ப நுழைந்ததும் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

"எல்லோருக்கும் ஒரே தேர்வு, அதனால் நியாயம்தான்" என்று நினைப்பது பெரிய தவறு. 2020 செப்டம்பரில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தனியாக நடத்திய வீட்டுத் தேர்வை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டிலிருந்து எழுதும்போது வெளிப்படைத்தன்மையையும் நேர்மையையும் காப்பது கடினம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அணைக்கட்டு பக்கம் பீஞ்சமந்தை, அல்லேரி போன்ற மலை ஊர்ப் பிள்ளையையும், சத்துவாச்சாரியில் தனி அறையில் ஃபைபர் நெட்டோடு உட்காரும் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. மையத்திலும் எழுதலாம் என்ற வாய்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.