கொச்சி யூதர் வீட்டு ஆல்பமும் என் பழைய தவறுகளும்

போன மாதம் எர்ணாகுளத்தில் ஒரு வீட்டில், பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்ய வந்திருந்த ஒரு பையன், கறுப்புத் தாள் ஆல்பத்திலிருந்து படங்களை ஒவ்வொன்றாக உருவி, கல்யாணம், பண்டிகை, குழந்தைகள் என்று சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இருபது வருஷத்துக்கு முன் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன், தடுக்கத்தான் ஆளில்லை.

ஈரக்கையோடு தொடாதே, பக்கத்தில் டீ டம்ளர் வைக்காதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். பழைய படங்களைச் சேகரிக்கிறவர்கள் செய்யும் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

ஆல்பத்தைக் கலைப்பது

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் கிளம்பிப் போனார்கள். நெவாத்திம், மெசிலாத் சீயோன் போன்ற கிராமங்களில் குடியேறினார்கள். ஒரு சில குடும்பங்கள்தான் இங்கேயே தங்கின. அப்படித் தங்கிய ஒரு வீட்டு ஆல்பம்தான் என் கையில் வந்தது. இடது பக்கம், கிளம்புவதற்கு முன் கொச்சி மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் நின்று எடுத்த படம். எதிர்ப் பக்கம், அதே ஆட்கள் பாலைவனத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற, தபாலில் வந்த படம். ஒட்டியவர் அந்த வீட்டுப் பெரியம்மா. யாருக்குப் பக்கத்தில் யார், எதற்கு எதிரே எது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

எனக்கு அது புரியவில்லை. தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கழற்றி, தலைப்பு வாரியாக அடுக்கி, ஸ்கேன் செய்து, கவர்களில் போட்டுவிட்டேன். காலிப் பக்கங்களைப் படமெடுக்கக்கூடத் தோன்றவில்லை. மிச்சமிருந்தது மூலைக் காகிதங்களும், படம் இருந்த இடத்தில் வெளிறாத கறுப்புச் சதுரங்களும், கீழே வெள்ளைப் பென்சிலில் மலையாளத்தில் எழுதிய வரிகளும்தான். அந்த வரிகளைப் பிறகு உட்கார்ந்து படித்தேன். "அதே நாள், சாயங்காலம்." "இவனுடைய தம்பி." "மேலே இருப்பவள், கல்யாணத்துக்குப் பிறகு."

எந்த நாள்? எவனுடைய தம்பி? ஒவ்வொரு வரியும் பக்கத்துப் படத்தைக் கைகாட்டுகிறது. பக்கத்துப் படமோ வேறு கவரில் கிடக்கிறது.

சரி, பெயர்களை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தால் அது இன்னும் மோசம். கொச்சி யூதர்கள் மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போதே வைப்பார்கள். தாத்தா எலியாகு என்றால் ஒவ்வொரு மகன் வீட்டிலும் ஒரு எலியாகு. ஆக ஒரே பெயரில் மூன்று நான்கு பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். படத்துக்குப் பின்னால் பெயர் இருந்தும் ஆள் யாரென்று தெரியாது. எந்தப் பக்கத்தில், எந்த அப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது என்பது ஒன்றுதான் அடையாளம். அதைத்தான் நான் அழித்தேன். கறுப்புச் சதுரங்களின் அளவை ஸ்கேலால் அளந்து திரும்பப் பொருத்தப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர்கள் ஏறக்குறைய எல்லாப் படத்தையும் ஒரே அளவில் வெட்டியிருந்தார்கள்.

இப்போது செய்வது இது: முதலில் அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாக, காலிப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்வேன். பக்க எண், படத்தின் இடம், கீழே உள்ள எழுத்து மூன்றையும் நோட்டில் எழுதுவேன். தனிப்படம் அப்புறம்தான், அதுவும் தானாகக் கழன்று வந்தால் மட்டும். பிளேடு போட்டு நெம்புகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

எபிரேய வருஷத்தை அப்படியே மாற்றுவது

படத்துக்குப் பின்னால் எபிரேய எழுத்தில் வருஷம் இருக்கும். எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிட்டு 714 என்று மட்டும் வரும், அதாவது 5714. அதோடு 1240 கூட்டினால் 1954. புதியவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். யூத வருஷம் பிறப்பது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். கிஸ்லேவ் என்ற யூத மாதம், 5714 என்றால் அது 1953 கடைசி. குடும்பம் கப்பலேறுவதற்கு முன்னா பின்னா என்பதே இந்த ஒரு வருஷத்தில் மாறிப்போகும்.

தோரா சுருளைப் பார்த்ததும் "பண்டிகை" என்று எழுதுவது

தோரா என்பது யூதர்களின் வேதம். சிம்ஹத் தோரா என்ற பண்டிகை அன்று கொச்சியில் தோரா சுருள்களை ஏந்தி யூத ஜெப ஆலயத்தை வெளியே சுற்றி வருவது வழக்கமாக இருந்தது. அதனால் ஊர்வலப் படம் வந்தாலே அந்தப் பெயரை எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆசாரமான வீட்டில் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் அதற்குச் சமமான பண்டிகை நாட்களிலும் கேமராவைத் தொடவே மாட்டார்கள். அப்படியானால் எடுத்தது வெளியாளாக இருக்கலாம். அல்லது அது புதுச் சுருள் கொண்டுவந்த சாதாரண நாளாக இருக்கலாம். கையிலும் நெற்றியிலும் தெபிலின் என்ற, வேத வசனம் வைத்த சின்னப் பெட்டி கட்டிய பையன் படமா? ஓய்வுநாளிலும் அந்தப் பண்டிகை நாட்களிலும் அதைக் கட்ட மாட்டார்கள். அது வாரநாள் என்று தைரியமாக எழுதலாம்.

எல்லா ஜெப ஆலயமும் பரதேசி அல்ல

தரையைப் பாருங்கள். நீல வெள்ளைச் சீன ஓடு இருந்தால் அது மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய, பரதேசி என்ற பெயருள்ள ஜெப ஆலயம். மட்டாஞ்சேரியிலேயே கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று இன்னும் இரண்டு இருந்தன. எர்ணாகுளத்திலும் அதே பெயர்களில் இரண்டு உண்டு. பறவூர், சேந்தமங்கலம், மாளா ஊர்களில் வேறு. மாடியில் இன்னொரு வாசிப்பு மேடை தெரிகிறது என்பதை வைத்து எது என்று சொல்லிவிட முடியாது. கேரளத்து ஜெப ஆலயங்களின் பாணியே அது.

லேமினேஷன்

வேண்டாம்.

முகத்தைத் தெளிவாக்கும் செயலி

அது தெளிவாக்கவில்லை, வேறொரு முகத்தை வரைகிறது.

ஒரே வீட்டில் தேடுவது

லிதுவேனியாவில் ஐஷிஷோக் என்று ஒரு சிற்றூர். 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் அந்த ஊர் யூதர்களில் கிட்டத்தட்ட எல்லாரையும் சுட்டுக் கொன்றார்கள். அங்கே பிறந்து தப்பிய யாஃபா எலியாக், ஊரார் படங்கள் சுமார் 6,000 வரை பிற்பாடு தேடிச் சேர்த்தார். அவற்றில் ஒரு பகுதிதான் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூதப் படுகொலை) அருங்காட்சியகத்தில் உயர்ந்து நிற்கும் முகங்களின் கோபுரம். ஊரே அழிந்த பிறகு படம் எப்படிக் கிடைத்தது? வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் கடிதத்தோடு அனுப்பிய பிரதிகள் அங்கங்கே பெட்டிகளில் கிடந்தன.

கொச்சிக்கும் இது பொருந்தும். ஸ்டுடியோவில் படம் எடுத்தால் ஒரு பிரதியோடு நிறுத்துவதில்லை. இங்கே ஆல்பத்தில் ஒட்டியதன் ஜோடி அங்கே ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும், பின்பக்கம் முழுக்க எழுத்தோடு. நான் கலைத்த ஆல்பத்தில் பதினொரு படங்களுக்கு ஆள் தெரியாமல் இருந்தது. ஆறேழு வருஷம் கழித்து அந்த வீட்டுப் பேத்தி ஒருத்தி இஸ்ரேலிலிருந்து வந்தபோது அப்படி ஒரு டின்னைக் கொண்டுவந்தாள். நான்கு படங்களுக்கு ஜோடி கிடைத்தது. ஒட்டிய பெரியம்மா அதற்குள் காலமாகிவிட்டார். மிச்சம் ஏழு இன்னும் கவரில்தான் இருக்கின்றன, "தம்பி?" என்று நான் பென்சிலில் எழுதியபடி.