சுதந்திர தினப் பேச்சில் தவறாமல் வரும் தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எங்கள் தெருப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக் காகிதத்தோடு வாசலில் நிற்பார்கள். "மாமா, கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்க." சில வருடங்களாகப் பார்க்கிறேன், கையெழுத்து மாறுகிறது, தவறுகள் மாறுவதில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதிக் கொடுக்கும் அப்பா அம்மா படித்ததும் அப்படித்தான், நான் படித்ததும் அப்படித்தான்.

நடந்ததை எல்லாம் 1947 ஆகஸ்ட் 15-இன் தலையில் கட்டிவிடுவதுதான் பெரிய தவறு. "அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கொடியேற்றினார்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அன்றைக்கு அந்தப் பதவியே கிடையாது. விடுதலை வந்தும் நாடு டொமினியனாகத்தான் இருந்தது, அதாவது பிரிட்டிஷ் மன்னரையே தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடாக; பெயரளவில் மன்னர் ஆறாம் ஜார்ஜ். அவர் சார்பில் கவர்னர் ஜெனரலாக மவுண்ட்பேட்டன், 1948 ஜூனிலிருந்து நம் ராஜாஜி. வினாடி வினாவில் பலர் வழுக்கும் இடம் இது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் என்று கேட்டால் மவுண்ட்பேட்டன். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் என்றாலும், கடைசியாக இருந்தவர் என்றாலும் ராஜாஜி. 1950 ஜனவரி 26-இல் அந்தப் பதவியே முடிந்து, ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார்.

அந்த ஜனவரி 26-ஐ அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடித்த நாள் என்பார்கள். அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. குடியுரிமை போன்ற சில பிரிவுகள் அன்றே அமலுக்கு வந்துவிட்டன. மற்றவை இரண்டு மாதம் காத்திருந்தது நாள் பார்த்துத்தான்: 1930 முதல் காங்கிரஸ் ஜனவரி 26-ஐப் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடி வந்தது. முகப்புரையில் உள்ள 'சமதர்ம', 'மதச்சார்பற்ற' என்ற சொற்கள் 1950-இல் இல்லை; 1976-இல் 42-ஆவது திருத்தம் சேர்த்தவை.

மேடை நாடகங்களில் இன்னொரு வேடிக்கை. இன்றைய வரைபடத்தைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் 1947-ஐ நடிப்பார்கள். அப்போது இருந்தது மதராஸ் மாகாணம். மலபாரும் ராயலசீமாவும் அதற்குள். கன்னியாகுமரி திருவிதாங்கூரில் இருந்தது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், 1948-இல்தான் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆந்திரா 1953-இல் பிரிந்தது, மொழிவழி எல்லை 1956 நவம்பர் 1-இல் வந்தது, தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1947-இல் மூட்டை கட்டவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு அதற்கும் எட்டு வருடம் கழித்து, 1962 ஆகஸ்ட் 16-இல். அதனால் கீழூர் நினைவிடத்தில் சுதந்திர தினத்துக்கு மறுநாளும் கொடி ஏறும். கோவா இந்தியாவோடு சேர்ந்தது 1961-இல், சிக்கிம் 1975-இல்.

அடுத்தது 'தேசிய' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் ஒட்டுவது. "இந்தி நமது தேசிய மொழி" என்று தமிழ்நாட்டுப் பிள்ளையே எழுதி வந்தால் சிரிப்பதா அழுவதா? அரசியலமைப்பு எந்த மொழியையும் தேசிய மொழி என்று சொல்லவில்லை. 343-ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. ஆங்கிலம் தொடர வழி செய்தது 1963-ஆம் ஆண்டின் அலுவல் மொழிகள் சட்டம். அரசியலமைப்பில் 22 மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையைக் காட்டி "22 தேசிய மொழிகள்" என்று திருத்துகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு, அட்டவணையில் அந்தச் சொல்லே இல்லை. ஹாக்கியும் இப்படித்தான். தேசிய விளையாட்டாக எதையும் அறிவிக்கவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்கு விளையாட்டு அமைச்சகமே 2012-இல் பதில் தந்தது. அதற்காகப் புலியையும் அடித்துவிட வேண்டாம். அது 1973 முதல் முறைப்படி தேசிய விலங்கு. அதற்கு முன்பு சிங்கம்.

கடைசியாக மாநிலக் கணக்கு. 29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம் என்று இன்னும் எழுதுகிறார்கள். 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களானது. 2020 ஜனவரி 26-இல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாயின. இப்போது 28-ம் 8-ம். வீட்டில் அண்ணன் படித்த பழைய பொது அறிவுப் புத்தகம் இருந்தால், அச்சான வருடத்தை முதலில் பாருங்கள்.