பனி விழும் ஊரில் தகரத்துக்குப் பெயின்ட் பூசுதல்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் கூரைத் தகரத்துப் பெயின்ட் இரண்டாம் வருடமே உரிந்தால் கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். ஆனால் பெரும்பாலும் அதற்கடியில் சிக்கிய ஈரமே பெயின்டைத் தூக்கிவிடுகிறது. இரவில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், மழையே பெய்யாத காலையிலும் அதன்மேல் மெல்லிய பனிநீர் படிந்திருக்கும். ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அந்த இடம் அதற்குள் காயாவிட்டால் பெயின்ட் டின்னைத் திறக்கவே வேண்டாம்.

இந்த ஊர்கள் இருக்கும் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை என்பதால், அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் கணக்கு வேறு. அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நன்றாகக் காய்ந்திருக்கும். எந்த மாதமானாலும் காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒரு மணிக்குள் தூரிகையைக் கழுவிவிடுவது நல்லது, ஏனெனில் அரைகுறையாகக் காய்ந்த எனாமலின் மேல் மாலைப் பனி இறங்கினால் பளபளப்பு மங்கி வெள்ளை பூத்துவிடும்.

நாகம் (துத்தநாகம்) பூசிய புதுத் தகரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எங்கள் சமையலறைக் கூரைக்கு நான் நேரடியாக எனாமல் அடித்தேன். அடுத்த வருடம் அது வெங்காயச் சருகுபோலக் கையோடு வந்தது. எனாமலில் உள்ள எண்ணெய், தகரத்து நாகத்தோடு வினைபுரிந்து ஒருவகைச் சவர்க்காரமாக மாறுவதே இதற்குக் காரணம். ஆகவே முதலில் சவர்க்காரத் தூளால் தகரத்தின் மேலுள்ள எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது முத்து முத்தாக உருண்டால் பசை இன்னும் இருக்கிறது, படலமாகப் பரவினால் போய்விட்டது. காய்ந்ததும் உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமரோ, நாகத் தகரத்துக்கென்றே விற்கும் நீர் சார்ந்த பிரைமரோ பூசிய பிறகே மேல்பூச்சுக்குப் போகலாம்.

துருப்பிடித்த யன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் வேறு முறை. உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, காய்ந்த அன்றே ரெட் ஒக்சைட் பிரைமர் பூசுங்கள். ஓரிரவு வெறுமனே விட்டால் காலையில் மறுபடியும் செந்நிறம் தட்டியிருக்கும். விளிம்பிலும் வெல்டிங் மூட்டிலும் பூச்சு மெலிந்து நிற்பதால் அவ்விடங்களுக்கு மட்டும் முதலில் ஒரு தடவை தனியாகப் பூசுவது என் வழக்கம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை நனைத்தே தேய்க்க வேண்டும், பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

பிவிசி பீலியைக் கழுவி, 320 இலக்க எமரித் தாளால் பளபளப்புப் போகும்வரை மெதுவாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் பூசி, இரண்டு மெல்லிய அக்ரிலிக் பூச்சு கொடுத்தால் போதும். கறுப்புத் தண்ணீர்த் தாங்கி பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணப் பெயின்ட் அதில் ஒட்டுவதில்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.