லோதி தோட்டத்தைப் பார்ப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு நடைவழி

தில்லிக்குச் சுற்றுலா போகிறவர்கள் செங்கோட்டை, குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை என்று பார்த்துவிட்டு, லோதி தோட்டத்தை வெறும் நடைப்பயிற்சிப் பூங்கா என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். உள்ளே போகிறவர்களில் பலரும் குவிமாடங்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, எது யாருடையது என்று தெரியாமலே வெளியே வருகிறார்கள். காரணம் எளியது: கிடைத்த வாசலில் நுழைந்து, கண்ணில் பட்ட பக்கம் நடப்பதுதான்.

சுமார் 90 ஏக்கர் கொண்ட இந்தத் தோட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் முக்கியமான சின்னங்கள் ஏறக்குறைய காலவரிசைப்படியே வந்துவிடும். 1440-களில் தொடங்கி அக்பர் காலத்தில் முடிக்கலாம். கீழே உள்ள வழி அதை ஒட்டியது.

படி 1: நாளும் நேரமும்

அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை நடக்க ஏற்ற காலம். அதிலும் நவம்பரில் காற்று மாசும், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியும் கெடுத்துவிடும். பிப்ரவரிதான் நம் தேர்வு. காலை ஏழரை, எட்டு மணிக்குள் உள்ளே இருங்கள். நண்பகலில் வெளிச்சம் நேர் மேலிருந்து விழுவதால் சுதை வேலைப்பாடுகள் தட்டையாகத் தெரியும். சாய்ந்த காலை வெயிலில்தான் எழுத்துகள் எழும்பி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், குடும்பம் குடும்பமாக வந்து புல்வெளி நிறைந்துவிடும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. தண்ணீர், சிறிய டார்ச், இருந்தால் ஒரு பைனாகுலர் போதும். கல்லறைகளின் உள்பக்கம் இருட்டு. கூரையைப் பார்க்க போன் விளக்கு எட்டாது. டிரைபாடு வைத்துப் படமெடுக்க இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவை, கையில் பிடித்து எடுப்பதற்குத் தேவையில்லை.

படி 2: லோதி சாலைப் பக்கம் நுழையுங்கள்

மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி, லோதி சாலையில் கிழக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தோட்டத்தின் தெற்கு வாசல். கான் மார்க்கெட் நிலையத்திலும் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து கிழக்கு, வடக்கு வாசல்கள்தான் பக்கம், வரிசை தலைகீழாகிவிடும்.

படி 3: ஐந்து நிமிட வரலாறு

இது இல்லாமல் நடந்தால் பாதி புரியாது. 1398-ல் தைமூர் தில்லியைச் சூறையாடினார். அதன்பின் 1414 முதல் 1451 வரை சையது வம்சம், 1451 முதல் 1526 வரை லோதி வம்சம். லோதிகளில் மூவர்: பஹ்லூல், சிக்கந்தர், இப்ராஹிம். கடைசியவர் 1526-ல் பானிபட்டில் பாபரிடம் தோற்று இறந்தார். அவரைப் புதைத்ததும் அங்கேதான்.

ஆக, தோட்டத்தின் பெயர் லோதி என்றாலும், இங்கே இருப்பது உறுதியாகத் தெரிந்த லோதி சுல்தான் சிக்கந்தர் ஒருவரே. முதலில் பார்க்கப்போகும் முகமது ஷா, சையது வம்சத்தவர். இவரை அதே பெயர் கொண்ட முகலாயப் பேரரசரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் 18-ஆம் நூற்றாண்டு, அடக்கம் நிஜாமுதீன் தர்காவில்.

தோட்டம் மட்டும் புதியது. இங்கே கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. மக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, 1936-ல் வைஸ்ராயின் மனைவி பெயரில் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்தார்கள். லோதி என்ற பெயர் விடுதலைக்குப் பின் வந்தது. 1968-ல் கட்டடக் கலைஞர் ஜோசப் ஸ்டெயினும் நிலவடிவமைப்பாளர் காரெட் எக்போவும் மறுபடி வடிவமைத்தார்கள். வளைந்து போகும் பாதைகளைப் பார்த்து 'சுல்தான்கள் உலவிய தோட்டம்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

படி 4: முகமது ஷா கல்லறை

உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு மூன்று வளைவுகள், மூலைகளில் சாய்வாக ஏறும் முட்டுச் சுவர், வளைவுகளுக்கு மேல் மழைநீர் சுவரில் வழியாதபடி சரிந்து நிற்கும் கல் சஜ்ஜா. அதற்கு மேலே நடுவில் பெரிய குவிமாடம், சுற்றி எட்டுச் சிறு சத்ரிகள், அதாவது தூண்கள்மேல் நிற்கும் குடை போன்ற மண்டபங்கள். குவிமாடத்தின் உச்சியில் தாமரை. எட்டுப்பட்டைக் கட்டடம் சுல்தானுக்கு, சதுரக் கட்டடம் பிரபுக்களுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தத் தோட்டத்துக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: இழைத்த சலவைக்கல் இல்லை, ஒழுங்கற்ற கற்களை அடுக்கிச் சாந்து பூசியது. தைமூருக்குப் பிந்தைய தில்லியின் கஜானா அவ்வளவுதான்.

உள்ளே பல கல்லறைகள். நடுவில் இருப்பது முகமது ஷாவுடையது என்று கருதுகிறார்கள். எல்லாமே வடக்கு-தெற்காக நீண்டிருக்கும். தலையை வடக்கே வைத்து, முகம் மேற்கே மக்காவைப் பார்க்கும்படி அடக்கம் செய்வது இங்கே வழக்கம். மூடுபனி நாளில் திசை தெரியாவிட்டால் இது ஒரு நல்ல குறி.

படி 5: படா கும்பத்

அதிக நேரம் கொடுக்கவேண்டிய இடம் இதுதான். குறைந்தது 40 நிமிடம்.

தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று மாடி போலத் தோன்றும். பலரும் மாடிப்படியைத் தேடுவார்கள். மாடியே இல்லை. சுவரில் கிடைக்கோடாகப் பட்டை ஓட்டி, வரிசை வரிசையாக மாடங்கள் வைத்த தோற்றம் அது. உள்ளே ஒரே கூடம். நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். கீழே சதுரம், மேலே வட்டம். சதுரச் சுவர்மேல் வட்டக் குவிமாடம் நேராக உட்காராது, நான்கு மூலையும் அந்தரத்தில் நிற்கும். அதனால் மூலைக்கு ஒரு வளைவைக் குறுக்கே போட்டுச் சதுரத்தை எட்டுப் பக்கமாக்குகிறார்கள், அதன்மேல் பதினாறு, பிறகு வட்டம். ஒரு மூலையில் டார்ச் அடித்து, கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்தினால் இந்த மூன்று கட்டமும் தனித்தனியாகத் தெரியும். இதை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் தில்லியின் பெரும்பாலான குவிமாடங்களை நீங்களே படித்துவிடலாம்.

இதனுள் கல்லறை இல்லை. பக்கத்து மசூதிக்கு வாசலாகக் கட்டினார்கள் என்பது ஒரு கருத்து, யாருக்கோ கட்டிய கல்லறை காலியாகவே நின்றுவிட்டது என்பது இன்னொன்று. பலகையில் எதைப் போட்டிருந்தாலும் முடிவான விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேற்கே ஒட்டியிருக்கும் மசூதியில் 1494-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு இருக்கிறது. ஐந்து வளைவுகள், மூன்று குவிமாடங்கள். வளைவின் விளிம்பிலிருந்து குவிமாடம் வரை குர்ஆன் வசனங்களும் கொடிகளும் சுதையில் அடர்ந்திருக்கின்றன. எழுத்து எங்கே முடிகிறது, கொடி எங்கே தொடங்குகிறது என்று ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு கண்ணால் தொடருங்கள். முழுச் சுவரையும் ஒரே பார்வையில் அள்ளப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. தொடவேண்டாம், ஐந்நூறு வருடச் சுதை விரல் பட்டாலே பொடியும். பெயர் கிறுக்கினால் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது மசூதியின் பின்புறம். சுற்றிப் போனால் மூலைகளில் மேலே குறுகிச் செல்லும் தூண்கள் நிற்கும், குதுப்மினாரின் சாயலில்.

படி 6: ஷீஷ் கும்பத்

எதிரே வடக்கில் நிற்பது. பத்து நிமிடம் போதும். ஷீஷ் என்றால் கண்ணாடி, கும்பத் என்றால் குவிமாடம்; முகப்பில் ஒட்டிய நீல மெருகு ஓடுகளால் இந்தப் பெயர். இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சம். உள்ளே பல கல்லறைகள், ஒன்றிலும் பெயர் இல்லை. பஹ்லூல் லோதியுடையது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் சிராக் தில்லியிலும் அவர் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

படி 7: சிக்கந்தர் லோதி கல்லறை

இன்னும் வடக்கே போனால் கோட்டை போல ஒரு மதில். வாசல் தெற்கில். 1517-ல் சிக்கந்தர் இறந்ததும் மகன் இப்ராஹிம் கட்டியது. இங்கே முகமது ஷா கல்லறையை நினைவில் வைத்து ஒப்பிடுங்கள்: அதே எட்டுப் பக்கம், அதே வளைவுகள். ஆனால் கூரையில் சத்ரிகள் இல்லை, சுற்றிலும் மதில், மேற்கு மதிலிலேயே தொழுகைக்கான மாடங்கள். குவிமாடமும் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை அடுக்கு. வெளியே உயரமாகத் தெரியவேண்டும், உள்ளே கூரை கிணறு போல் ஆகிவிடக்கூடாது என்பதற்கான வழி. இந்தியாவில் இதன் தொடக்ககால உதாரணங்களில் இது ஒன்று. மதில் சூழ்ந்த வளாகத்தின் நடுவே கல்லறை என்ற இந்த அமைப்பு, பின்னால் ஹுமாயூன் கல்லறையில் பெரிதாக விரிந்தது என்று பார்க்கிறவர்கள் உண்டு. மறுநாள் அங்கே போகும் திட்டம் இருந்தால் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

படி 8: ஆட்டபுலா

கிழக்கே சில நிமிட நடையில் ஏரிமேல் ஒரு பழைய பாலம். எட்டுத் தூண்கள், ஏழு வளைவுகள், அக்பர் காலத்தியது. யமுனையில் சேர்ந்த ஒரு கிளையாறு இதன் கீழ் ஓடியது. இப்போது தேங்கிய நீர்தான். மேலே நடந்து போய்விட்டால் ஒன்றும் தெரியாது. கரையில் இறங்கிப் பக்கவாட்டில் நின்றால் நடு வளைவு மற்றவற்றைவிட அகலம் என்பது தெரியும்.

மொத்தம் இரண்டரை மணி நேரம். பாலத்துக்கு அருகிலேயே வெளியேற வாசல் உண்டு. ஆட்டோ பிடித்தால் கான் மார்க்கெட் சில நிமிடம். கால் வலிக்கவில்லை என்றால் ஜோர் பாக் பக்கமே திரும்பி நடந்து, 1754-ல் எழுந்த சஃப்தர்ஜங் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே மட்டும் டிக்கெட் வாங்கவேண்டும்.