எறும்பை அடிக்கும் முன் அது போகிற வழியைப் பாருங்கள்

கத்தரியிலோ பயற்றங்கொடியிலோ எறும்பு சாரை கண்டதும் கை நேரே பொடி டப்பாவுக்குத்தான் போகும். அதற்கு முன் ஐந்து நிமிடம் தண்டருகே குத்தவைத்துப் பாருங்கள். மேலே ஏறுகிற எறும்பின் வயிறு ஒட்டியிருக்கும். இறங்குகிற எறும்பின் வயிறு உப்பி, வெயில் படும்போது உள்ளே ஒளி தெரிகிற அளவுக்குத் தோல் மெலிந்திருந்தால், மேலே கறவை நடக்கிறது என்று அர்த்தம். இலையைத் திருப்பினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ கூட்டமாக ஒட்டியிருக்கும். எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டும். பின்புறத்தில் ஊசிமுனை அளவு இனிப்புத் துளி துளிர்க்கும். உறிஞ்சிவிட்டு அடுத்ததைத் தட்டும். இந்தத் தீனிக்குக் கூலியாக, அசுவினியைத் தின்ன வருகிற பொறிவண்டை அது கடித்து விரட்டுகிறது. செடி வாடுவது பூச்சி சாறு உறிஞ்சுவதால். எறும்பு காவலாளி மட்டும்தான். காவலாளியை மட்டும் கொன்றால் நாலு நாளில் வேறு கூட்டம் வந்து நிற்கும்.

ஏறுவதும் இறங்குவதும் ஒட்டிய வயிறாகவே இருந்தால், இலையடியில் பூச்சியும் இல்லையென்றால், அப்படியே விட்டுவிடுங்கள்.

பூச்சி இருந்தால், முதலில் ஹோஸ் தண்ணீரை வேகமாக இலையடியில் பீய்ச்சுங்கள். பாதி அதிலேயே போய்விடும். மறுநாள் மாலை நாலு மணிக்கு மேல் வேப்பெண்ணெய்க் கரைசல்: 1 லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி. எண்ணெயையும் சோப்பையும் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பால்போல வெளுக்கும்வரை அடித்துவிட்டுத்தான் மீதித் தண்ணீரில் ஊற்ற வேண்டும். நேரடியாக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும்; கடைசியாகத் தெளிக்கிற செடிக்கு வெறும் எண்ணெய் போய் இலை கருகும். துணி சோப்புத் தூளும் இலையைக் கருக்கும். இரண்டு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் அடியுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை. ஒரே தடவையோடு நிறுத்துவதால்தான் பலர் “வேப்பெண்ணெய் கேட்கவில்லை” என்கிறார்கள். முட்டையிலிருந்தும் மாவுப்பூச்சியின் மெழுகுப் பஞ்சுக்குள்ளிருந்தும் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது.

இலைமேல் கரி பூசினாற்போலப் படிந்திருப்பது, சிந்திய இனிப்பில் வளரும் பூஞ்சணம். 50 கிராம் மைதாவை 1 லிட்டர் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டித் தெளித்தால், வெயிலில் காய்ந்து ஏடாக உரியும்போது கரியும் சேர்ந்து வரும். மழை வரும் நாளில் வேண்டாம்.

மா, கொய்யா, எலுமிச்சைக்குத் தடுப்புப் பட்டை போடலாம். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், மரத்தோலின் பள்ளங்களில் பஞ்சை அடைத்து, அதன்மேல் நாலு அங்குல அகல பாலித்தீனை இறுக்கமில்லாமல் சுற்றி, பாலித்தீன்மேல் மட்டும் வண்டிக் கிரீஸ் தடவுங்கள். மரத்தில் நேரடியாகத் தடவினால் மரத்தோல் வெந்து வெடிக்கும். பெரும்பாலான தடுப்புப் பட்டைகள் தோற்பது கிரீஸால் அல்ல. சுவரைத் தொடும் ஒரு கொம்பு, மரத்தில் கட்டிய துணி காயப்போடும் கொடி, பந்தல் கம்பு, இவை எறும்புக்குப் பாலம். அதையெல்லாம் வெட்டி விலக்கிவிட்டுத்தான் பட்டை. குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றில் தூசி சீக்கிரம் படிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழித்துப் புதிதாகத் தடவுங்கள்.

வாழையில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். மட்டியோ ஏத்தனோ செவ்வாழையோ, கன்றின் இலையுறைக்குள் எறும்பு நுழைந்தால் உள்ளே கரும்பழுப்பு அசுவினி இருக்கும். முடிக்கொத்து நோயைப் பரப்புவது அதுதான். இலைகள் குறுகி, நெருங்கி, குச்சிபோல நிமிர்ந்து நிற்கும் வாழையை முதலில் மருந்தடித்துவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டாக்கி அழியுங்கள். அடிக்காமல் தோண்டினால் அசுவினி பக்கத்து வாழைக்கு நடந்துபோகும்.

மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். கொல்லாமரத்தில், அதாவது முந்திரியில், சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியைப் பிடித்துத் தின்கிற கூட்டம் அது. மாவுப்பூச்சியையும் வளர்க்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எட்டாத உயரத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். காய் பறிக்கிற கொம்பில் கூடு கட்டியிருந்தால், தோட்டிக் கம்பில் அரிவாள் கட்டி, விடியற்காலைக் குளிரில் கொம்போடு அறுத்து, கீழே வைத்த சோப்புத் தண்ணீர் வாளியில் விழச்செய்யுங்கள். ஏறியே ஆகவேண்டுமென்றால் கை கால்களில் அடுப்புச் சாம்பல் பூசிக்கொள்ளுங்கள். ஒரே கூட்டத்துக்குப் பல கூடுகள் இருக்கும், ராணி ஒன்றில்தான்; நாலு கூட்டை அறுத்ததால் கூட்டம் அழியாது.

நடைபாதையிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கடிக்கிற செவ்வெறும்புப் புற்றைத்தான் உண்மையில் ஒழிக்க வேண்டும். புற்றருகே ஒரு துளி சீனித் தண்ணீரும் ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவலும் வைத்து அரைமணி நேரம் பாருங்கள். சீனியை மொய்த்தால்: 100 மி.லி. வெந்நீரில் சீனி 10 கிராம், மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் ஆசிட் பொடி 1 கிராம், அதாவது மட்டமாகக் கால் தேக்கரண்டி. பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட மூடியிட்ட டப்பாவுக்குள் சாரைப் பாதையில் வையுங்கள். “இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகும்” என்று பொடியைக் கூட்டினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும். ராணிக்குப் போய்ச் சேராது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். குழந்தைக்கும் கோழிக்கும் எட்டக்கூடாது. செடியடியில் கொட்டினால் இலை நுனி கருகும்.

தேங்காயை மொய்த்தால் சீனிக் கரைசல் பலிக்காது. மழை விட்ட மறுநாள் காலை வெயிலில், குஞ்சுகளை மேல்மண்ணுக்குக் கொண்டுவந்திருக்கும் நேரத்தில், ஒரு சருவம் கொதிநீர், சுமார் 10 லிட்டர், புற்றின்மேல் நிதானமாக ஊற்றுங்கள். கம்பால் கிளறிவிட்டு ஊற்றினால் ராணி ஆழத்துக்குப் போய்விடும். செடியிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்க வேண்டும். மூன்றாம் நாள் மறுபடியும்.

ரவையைத் தின்று எறும்பு வெடித்துச் சாகும் என்பது கதை. வளர்ந்த எறும்பு திடப்பொருளை விழுங்குவதே இல்லை. தூக்கிப்போய்க் கூட்டிலுள்ள தன் இளம் புழுக்களுக்குக் கொடுக்கும். மஞ்சள்தூளும் பெருங்காயமும் ஒருநாள் வழியை மாற்றும், அவ்வளவுதான். எங்காவது பழைய பி.எச்.சி. பூச்சிக்கொல்லிப் பொடி டப்பா கிடந்தால் தொடவேண்டாம். 1997-லேயே தடைசெய்யப்பட்டது அது.

கீரை விதை முளைக்காமல் போனால் விதைமேல் பழி போடாதீர்கள். அநேகமாக எறும்பு தூக்கியிருக்கும். விதையை நாலு பங்கு மணலில் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பாத்தியைச் சுற்றி ஒரு கைப்பிடி அரிசிக் குருணை போடுங்கள். அதைச் சுமந்து முடிப்பதற்குள் விதை முளைவிட்டிருக்கும்.

தொட்டியில் எறும்பு குடியேறினால் மண் உள்ளே காய்ந்துபோயிருக்கிறது என்று பொருள். தொட்டியின் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும்படி பெரிய வாளியில் அரைமணி நேரம் இறக்கிவையுங்கள். வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு தண்டில் ஏறும்; அப்போது தட்டி வேறு வாளித் தண்ணீரில் தள்ளிவிடலாம். ஐப்பசி மழையில் இது தலைகீழாகும்: புற்று நனைந்ததும் திண்ணைத் தொட்டிக்குத்தான் முதலில் வரும். அந்த மாதத்தில் தொட்டிகளைச் செங்கல்மேல் தூக்கிவைத்து, அடித்துளையைக் கம்பிவலையால் மூடிவிடுங்கள்.